நகராட்சி ஏலத்தில் உங்கள் விலைப்புள்ளியை நிராகரித்துவிட்டார்களா? அடுத்து செய்ய வேண்டியவை

நகர நிர்வாகம் தன் இடம் ஒன்றை விற்பதாக அறிவிக்கிறது. நீங்கள் நேரில் போய்ப் பார்க்கிறீர்கள், வங்கியில் கடனுக்குப் பேசி வைக்கிறீர்கள், முன்வைப்புத் தொகையைக் கட்டி உறையைப் போடுகிறீர்கள். உறைகளைப் பிரித்தபோது உங்கள் தொகைதான் உச்சம். வீட்டிலும் சொல்லியாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து ஒற்றை வரியில் ஒரு கடிதம்: வந்த விலைப்புள்ளிகள் அனைத்தும் நிராகரிக்கப்பட்டன.

அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவருக்காக இதை எழுதுகிறேன். முதல்முறை ஏலம் கேட்டவர்களில் சிலர் "அரசாங்கத்தோடு மோத முடியுமா" என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் "அதிகம் கேட்டது நான், இடம் எனக்குத்தான்" என்று வழக்குப் போட்டுத் தோற்கிறார்கள். நீங்கள் எவ்வளவு கேட்டீர்கள் என்பதில் வழக்கின் பலம் இல்லை. அவர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதைக் கண்டுபிடிப்பதற்கானது.

இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில் வந்த இடங்களுக்கு, அதாவது இங்கிலாந்து, இந்தியா, கனடா, அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களுக்கு இது பொருந்தும். கால வரம்பும் மனுவின் பெயரும் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை மட்டும் உள்ளூர் வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: தேதியைக் குறிப்பது

கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி, உறையையும் பத்திரப்படுத்துங்கள். மின்னஞ்சலில் வந்திருந்தால் அதை அச்செடுத்து வையுங்கள். அன்றிலிருந்து நாட்கள் ஓடத் தொடங்குகின்றன.

இங்கிலாந்தில் நீதிமுறைச் சீராய்வு மனுவை, அதாவது அரசு அமைப்பு முடிவெடுத்த முறை சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனுவை, தாமதமில்லாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். மூன்றாவது மாதக் கடைசியில் போனால்கூட 'ஏன் இவ்வளவு தாமதம்' என்ற கேள்வி வரும். நியூயார்க் மாநிலத்தில் அரசு அமைப்புகளின் முடிவை எதிர்க்கும் 78-ஆம் விதி நடவடிக்கைக்குப் பொதுவாக நான்கு மாதம். இந்தியாவில் உயர்நீதிமன்ற ரிட் மனுவுக்கு இத்தனை நாள் என்ற கணக்கு எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. ஆனால் காரணம் சொல்ல முடியாத தாமதம் ஒன்றே மனுவைத் தள்ளுபடி செய்யப் போதும்.

இதற்கு ரமணா தயாராம் ஷெட்டி வழக்கை நினைவில் வையுங்கள். பம்பாய் விமான நிலையத்தில் உணவகம் நடத்த டெண்டர் கோரினார்கள். அறிவித்த தகுதி இல்லாத ஒருவருக்கு அது போனது. தான் அறிவித்த தகுதி விதியை அரசு அமைப்பே மீறக் கூடாது என்று 1979-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இன்றைக்கும் டெண்டர் வழக்குகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு அது. ஆனால் வழக்குப் போட்டவருக்கு நிவாரணம் கிடைக்கவில்லை. அவர் வந்து சேர்வதற்குள் டெண்டர் எடுத்தவர் பணம் போட்டு வேலையைத் தொடங்கியிருந்தார். நிவாரணத்தை மறுக்க நீதிமன்றம் சொன்ன காரணங்களில் தாமதமும் ஒன்று. சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் கைக்கு ஒன்றும் வராமல் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

அதிகாரியோடு பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக இந்தக் காலக்கணக்கு நிற்காது. "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று அவர் நல்ல எண்ணத்தோடு சொல்லியிருக்கலாம், ஆனாலும் அந்த வாரம் உங்கள் கணக்கில்தான் கழிகிறது. இன்னொன்று, பல இடங்களில் அரசு அமைப்பின் மேல் உரிமையியல் வழக்குப் போடும் முன் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். இந்திய உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவு, அரசுக்கு எதிரான வழக்குகளுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கேட்கிறது. அவசர நிவாரணம் தேவையென்றால் நீதிமன்ற அனுமதியோடு அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கலாம். உள்ளாட்சிச் சட்டங்களிலும் இது போன்ற விதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்தக் கட்டத்தில் நிராகரித்தார்கள்?

உங்கள் உரிமையின் அளவு இதைப் பொறுத்தது. அடிப்படை விதி மிகப் பழையது. 1789-இல் பெய்ன் எதிர் கேவ் என்ற இங்கிலாந்து வழக்கில், ஏலத்தில் கேட்கப்படும் தொகை வெறும் முன்மொழிவுதான் என்று முடிவானது. சுத்தி விழுந்தால்தான் அது ஏற்கப்பட்டதாகும். அதுவரை கேட்டவரும் பின்வாங்கலாம், விற்பவரும் மறுக்கலாம். உறையிட்ட டெண்டருக்கும் இதே கதைதான். 'விலைப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன' என்று அறிவித்தால் அதிகம் கேட்டவருக்கே கொடுப்பேன் என்ற வாக்குறுதி ஆகாது என்று 1870-இல் ஸ்பென்சர் எதிர் ஹார்டிங் வழக்கில் சொல்லப்பட்டது.

நகர நிர்வாகம் விற்கும்போது இதன்மேல் இன்னொரு பூட்டும் உண்டு. ஏலத்தை நடத்தும் அதிகாரி சுத்தியைத் தட்டினாலும் விற்பனை முடிந்துவிடுவதில்லை. நகர மன்றமோ ஆணையரோ உறுதி செய்ய வேண்டும் என்று நிபந்தனையிலேயே எழுதியிருப்பார்கள். அதனால் அதிகம் கேட்டவருக்கு, உறுதி செய்யும் ஆணை வரும் வரை அந்த இடத்தின் மேல் உரிமை பிறப்பதில்லை. இந்திய உச்ச நீதிமன்றம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறது. 2013-இல் உத்தரப் பிரதேச வீட்டுவசதி வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கிலும் அதையே சொன்னது.

உறுதி ஆணை வந்த பிறகு ரத்து செய்திருந்தால் நிலைமை உங்களுக்கு மிகவும் சாதகம். அது ஒப்பந்த மீறலாக இருக்கலாம். ஒவ்வொரு நிலமும் தனித்தன்மை உள்ளது என்பதால், நஷ்ட ஈட்டோடு நிறுத்தாமல் இடத்தையே எழுதிக் கொடுக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கலாம். ஆனால் ஆணையில் கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இருந்ததா, சட்டம் கேட்கும் வடிவத்தில் ஒப்பந்தம் எழுதப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். அதிகாரம் இல்லாதவர் கொடுத்த கடிதத்தை நம்பிப் பெருந்தொகை செலவழிக்காதீர்கள்.

சில அறிவிப்புகளில் 'குறைந்தபட்ச விலை இல்லை, அதிகம் கேட்டவருக்கே' என்று போட்டிருப்பார்கள். அப்படி இருந்தால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வையுங்கள். 2000-இல் பேரி எதிர் டேவிஸ் என்ற இங்கிலாந்து வழக்கில், ஒவ்வொன்றும் சுமார் 14,000 பவுண்டு மதிப்புள்ள இரண்டு இயந்திரங்களுக்கு ஒருவர் தலா 200 பவுண்டு கேட்டார். வேறு யாரும் கேட்கவில்லை. ஏலக்காரர் கொடுக்க மறுத்தார். குறைந்தபட்ச விலை இல்லை என்று சொல்லிவிட்டு மறுக்க முடியாது என்று நீதிமன்றம் 27,600 பவுண்டு நஷ்ட ஈடு கொடுக்க வைத்தது. அது பொருள் ஏலம், நிலம் இல்லை. ஆனாலும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்கக் கூடாது என்ற வாதத்துக்கு நல்ல பிடிமானம்.

'காரணம் கூறாமல் நிராகரிக்கலாம்' என்ற வரி

அநேகமாக எல்லா ஏல நிபந்தனைகளிலும் இது இருக்கும்: எந்த விலைப்புள்ளியையும், அல்லது அனைத்தையும், காரணம் கூறாமல் நிராகரிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு உண்டு. இதைப் படித்ததுமே பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். அந்த வரிக்குப் பலம் உண்டுதான். ஆனால் எல்லை இல்லாத பலம் இல்லை.

1983-இல் இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரசபை ஓர் உரிமத்துக்கு டெண்டர் கோரியது. உறைகள் நண்பகல் 12 மணிக்குள் வந்தாக வேண்டும். விமானம் ஓட்டுவோர் சங்கம் ஒன்று காலை 11 மணிக்கே தன் உறையை நகரசபையின் தபால் பெட்டியில் போட்டது. ஆனால் ஊழியர்கள் அந்த நேரத்தில் பெட்டியைத் திறக்கவில்லை. உறை தாமதமாக வந்ததாகக் குறித்து ஒதுக்கிவிட்டார்கள். எந்த டெண்டரையும் ஏற்க வேண்டிய கட்டாயம் நகரசபைக்கு இல்லைதான். ஆனால் விதிப்படி நேரத்துக்கு வந்த ஒன்றை மற்றவற்றோடு சேர்த்துப் பரிசீலிப்பதாக அது மறைமுகமாக வாக்களித்திருக்கிறது என்று 1990-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்க வேண்டாம், பார்த்தே ஆக வேண்டும். நிராகரிக்கப்பட்டவரின் கையில் இருக்கும் மிக உறுதியான வாதங்களில் இது ஒன்று.

கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. டெண்டர் போட்டவுடனேயே இருவருக்கும் இடையில் ஒரு முதற்கட்ட ஒப்பந்தம் உருவாகலாம், பிறகு வருவது முக்கிய ஒப்பந்தம் என்று 1981-இல் ரான் எஞ்சினியரிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. 1999-இல் எம்.ஜே.பி. எண்டர்பிரைசஸ் வழக்கில், எதையும் ஏற்க வேண்டியதில்லை என்ற வரியைக் காட்டி விதிக்கு ஒத்துவராத ஒரு டெண்டரை ஏற்க முடியாது என்றது. இவை கட்டுமான டெண்டர்கள். நில விற்பனைக்கு இதே தர்க்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது உங்கள் நிபந்தனைத் தாளின் வாசகத்தைப் பொறுத்தது.

இந்தியாவில் ராம் அண்டு ஷியாம் கம்பெனி வழக்கு, 1985. ஹரியானாவில் ஒரு குவாரி ஏலத்தில் அதிகம் கேட்டவரை, தொகை போதவில்லை என்று நிராகரித்தார்கள். அதுவரைக்கும் சரி. அப்புறம் ஒருவர் முதலமைச்சருக்கே நேராக எழுதிக் கூடுதல் தொகை தருவதாகச் சொன்னார். முதலில் கேட்டவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கூடுதல் விலை வாங்குவது தவறில்லை. ஒருவருக்கு மட்டும் பின்கதவைத் திறந்ததுதான் தவறு.

காகிதங்களைத் திரட்டுதல்

இந்தப் படிக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். உங்களுக்கு வேண்டியவை: ஏல அறிவிப்பு, அதற்கு வந்த திருத்தங்கள், நிபந்தனைத் தாள், உறை பிரித்த நாளின் பதிவு, விலைகளை ஒப்பிட்ட பட்டியல், குழுவின் பரிந்துரைக் குறிப்பு, மன்றத் தீர்மானம், சொத்தின் மதிப்பீட்டு அறிக்கை, நிராகரிப்பு ஆணை. உறை பிரித்த பிறகு வேறு யாராவது நிர்வாகத்துக்கு எழுதியிருந்தால் அந்தக் கடிதங்களும் வேண்டும். பலர் கேட்க மறப்பது இந்தக் கடைசி ஒன்றைத்தான். பின்கதவு திறந்ததா என்று காட்டுவதும் அதுதான்.

இந்தியாவில் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். இங்கிலாந்தில் தகவல் சுதந்திரச் சட்டப்படி 20 வேலை நாள். அமெரிக்க மாநிலங்களிலும் பொது ஆவணச் சட்டங்கள் உண்டு. வணிக ரகசியம் என்று சிலவற்றை மறுக்கலாம். பதில் வரட்டும் என்று வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும்.

அதே நாளில் காரணம் கேட்டு ஒரு கடிதமும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம், குற்றச்சாட்டும் வேண்டாம். இப்படிப் போதும்:

"மேற்படி சொத்து ஏலத்தில் எனது விலைப்புள்ளி நிராகரிக்கப்பட்டதாகத் தங்கள் கடிதம் இன்று கிடைத்தது. நிராகரிப்புக்கான காரணங்களையும், முடிவெடுத்த அதிகாரி அல்லது மன்றத் தீர்மானத்தின் விவரத்தையும் எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் கிடைத்து நான் உரிய நடவடிக்கை எடுக்கும் வரை இந்தச் சொத்தை வேறு எவருக்கும் மாற்ற வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். எனது சட்ட உரிமைகள் அனைத்தையும் தக்கவைத்துக்கொள்கிறேன்."

காரணத்தை ஆரம்பத்திலேயே எழுத்தில் வாங்கிவிட்டால் பின்னால் அவர்கள் புதுக் காரணம் சேர்ப்பது கடினம். ஓர் ஆணை அதில் எழுதியுள்ள காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிறகு பிரமாணப் பத்திரத்தில் புதிதாகச் சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 1977 டிசம்பரில் சொன்னது. காரணமே இல்லாத ஆணையை எதிர்க்கும் வழக்கறிஞர்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

காரணத்தை நேர்மையாக எடைபோடுங்கள்

இந்த இடத்தில் உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. வந்த தொகை மதிப்பீட்டுக்குக் கீழே இருந்தது, ஒரே ஒருவர்தான் கேட்டார், கேட்டவர்கள் கூடிப் பேசி வைத்ததாகச் சந்தேகம், அறிவிப்பில் பிழை, இடம் பொதுத் தேவைக்கு வேண்டியிருக்கிறது: இவற்றில் ஒன்று கோப்பில் ஆதாரத்தோடு இருந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் தலையிடாது. அது மக்கள் சொத்து. நல்ல விலைக்கு விற்பது நிர்வாகத்தின் கடமை. இங்கிலாந்தின் 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, நியாயமாகக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று கடமையாகவே வைத்திருக்கிறது. அதற்குக் குறைத்து விற்க அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். இந்தப் பிரிவு இரு பக்கமும் வெட்டும். உங்கள் தொகை குறைவென்றால் அவர்களுக்கு உதவும். உங்களைவிடக் குறைவாகக் கேட்டவருக்கு விற்றார்கள் என்றால் உங்களுக்கு உதவும்.

'இன்னும் கூடுதலாகக் கிடைக்கலாம்' என்ற வெறும் எதிர்பார்ப்பு மட்டுமே காரணமாக இருந்தால்? நீங்கள் கேட்டது குறைந்தபட்ச விலைக்கு மேல், ஏலத்தில் குறை எதுவும் இல்லை என்றால் வாதாட இடம் இருக்கிறது. ஈவா அக்ரோ ஃபீட்ஸ் வழக்கில் 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம், கூடுதல் விலை வரும் என்ற நினைப்பு மட்டுமே முறையாக நடந்த ஏலத்தை ரத்து செய்யப் போதாது என்றது. அது கடனில் மூழ்கிய நிறுவனத்தின் சொத்தைக் கலைப்பாளர் விற்ற ஏலம். நகராட்சி ஏலத்துக்கு அப்படியே பொருந்தும் என்று யாரும் உறுதி தர முடியாது.

உறைகளைப் பிரித்த பிறகு விதியை மாற்றியது, உங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனையைக் கடுமையாகப் பார்த்து மற்றவருக்குத் தளர்த்தியது, நேரம் கடந்து வந்த உறையை ஏற்றது, தனியாக ஒருவரோடு பேரம் பேசியது, முடிவெடுத்தவருக்கே அந்த இடத்தில் ஆர்வம் இருந்தது, தீர்மானம் போட வேண்டிய மன்றம் கூடாமலேயே கடிதம் வந்தது: இவற்றில் ஒன்று தெரிந்தால் தயங்காமல் போராடலாம்.

எந்தக் கதவைத் தட்டுவது

ஏல நிபந்தனையிலோ நகர விதியிலோ ஆட்சேபணை தெரிவிக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில இடங்களில் அதற்குச் சில நாட்கள்தான் அவகாசம். அதைச் செய்யாமல் நீதிமன்றம் போனால் 'உள்ளே இருந்த வழியை ஏன் பயன்படுத்தவில்லை' என்று திருப்பி அனுப்பக்கூடும்.

அடுத்தது நீதிமுறைச் சீராய்வு. இந்தியாவில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின் கீழ் உயர்நீதிமன்றத்தில் ரிட் மனு. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலும் கடமையைச் செய்யக் கட்டளையிடும் மாண்டமஸ் வகை மனு. நிராகரிக்கப்பட்ட பெரும்பாலானவர்களுக்கு இதுவே பொருத்தமான கதவு. ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதுபோல, நீதிமன்றம் மேல்முறையீட்டு அமைப்பாக உட்கார்ந்து எது நல்ல முடிவு என்று பார்க்காது. முடிவெடுத்த முறை சரியா என்று மட்டும் பார்க்கும். ஜெயித்தாலும் அநேகமாகக் கிடைப்பது நிராகரிப்பு ரத்தும், மறுபடி பரிசீலிக்கும்படி உத்தரவும்தான். இடத்தை உங்களுக்கே கொடு என்று நேராகச் சொல்வது அபூர்வம்.

உறுதி ஆணையோ ஒப்பந்தமோ இருந்தால் உரிமையியல் வழக்கு. பிளாக்பூல் போன்ற நிலையிலும் நஷ்ட ஈடு கேட்கலாம். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் வரி செலுத்துபவர் என்ற முறையிலும் முறைகேடான சொத்து விற்பனையை எதிர்க்க வழி உண்டு.

எந்தக் கதவானாலும் மனுவோடு இடைக்காலத் தடையும் கேளுங்கள். வழக்கு நடக்கும்போதே இடம் மூன்றாமவர் பெயருக்குப் பதிவாகிவிட்டால் அதைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். ஏற்கெனவே ஒருவருக்கு விற்க முடிவாகியிருந்தால் அவரையும் வழக்கில் சேர்த்தாக வேண்டும். தடை கேட்கும்போது, தோற்றால் எதிர்த் தரப்பின் இழப்பை ஈடுகட்டுவதாக உறுதி கேட்கப்படலாம். தோற்றவர் மறுதரப்பின் செலவையும் தருவது இங்கிலாந்தின் பொது வழக்கம். அமெரிக்காவில் பொதுவாக அவரவர் செலவு அவரவருக்கு. இந்தக் கணக்கையெல்லாம் போட்ட பிறகே முடிவெடுங்கள். பின்கதவு வேலை எதுவும் நடக்காத சாதாரண நிராகரிப்பு என்றால், வழக்கைவிட மறு ஏலத்துக்குத் தயாராவதே நல்லது என்பது என் கருத்து.

முன்வைப்புத் தொகை

கோபத்தில் 'எனக்கு வேண்டாம்' என்று விலைப்புள்ளியைத் திரும்பப் பெறாதீர்கள். அது செல்லுபடியாகும் காலம் முடியும் முன் பின்வாங்கினால் பணத்தைப் பறிமுதல் செய்ய விதி இருக்கும். மேலே சொன்ன ரான் எஞ்சினியரிங் வழக்கின் சண்டையே அதுதான். விலையில் கணக்குப் பிழை என்று சொல்லிப் பின்வாங்கப் பார்த்த நிறுவனம் 1,50,000 டாலர் வைப்புத் தொகையை இழந்தது.

நிர்வாகமே நிராகரித்திருந்தால் தொகை உங்களுக்குத் திரும்ப வர வேண்டும். எத்தனை நாளில் என்பது நிபந்தனையில் இருக்கும். அது கடந்தால் வட்டியோடு கேட்டு எழுதுங்கள். பணத்தை வாங்கும் ரசீதில் 'முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று அச்சிட்டிருந்தால் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். 'எனது ஆட்சேபணைக்கும் உரிமைகளுக்கும் பாதகமின்றிப் பெற்றுக்கொள்கிறேன்' என்று உங்கள் கையால் எழுதி, தேதியும் போடுங்கள். மறு ஏலம் அறிவித்து அதில் கலந்துகொள்வதாக இருந்தாலும், முதல் நிராகரிப்பை ஒப்புக்கொள்ளவில்லை என்று ஏலத்துக்கு முன்பே ஒரு கடிதம் கொடுத்து, அலுவலக முத்திரை போட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.